ராணி ஏன் நின்றது

மார்ச் 18, செவ்வாய்.

ஏப்ரல் சீசனில் வரும் குதிரை நடைப் போட்டிக்காக இன்று லாய முதலாளியின் மகள் ருக்சானா எங்கள் குதிரை ராணியின் மேல் ஏறி நடத்திக் காட்டினாள். முதலாளி படம் பிடிக்கப் போனைத் தூக்கினார். ராணி சட்டென்று நின்று, தலையைத் திருப்பி அவரையே பார்த்தது. மூன்று தடவை தூக்கியபோதும் அப்படித்தான்.

"மகள், நீதான் கடிவாளத்த இழுக்கிற," என்றார்.

"இல்ல வாப்பா."

பனிக்காலம் முழுக்க, உடம்பு இறுகிவிடக் கூடாதென்று ராணியை வாவிக்கரையில் நடத்தியது நான்தான். சுற்றுலா வந்தவர்கள் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கக் கேட்டார்கள். அவர்கள் போனைத் தூக்கும்போதெல்லாம் நானும் ராணியை நிறுத்தி நிறுத்திப் பழக்கிவிட்டேன். இது முதலாளிக்குத் தெரியாது.

சேணத்தைக் கழற்றும்போது ருக்சானா கேட்டாள்: "நான் என்ன பிழை விடுறேன், செல்வம் அண்ணே?"

"குளிர் விட்டதும் அப்பிடித்தாம்மா இருக்கும். சரியாயிரும்."

"அப்ப நாளைக்கு இன்னும் லேசாப் பிடிக்கிறேன்," என்று தன் கையையே பார்த்தபடி போனாள்.

போட்டியன்று மைதானத்தைச் சுற்றி எல்லார் கையிலும் போன் இருக்கும். சொல்லிவிட வேண்டும். முதலாளியிடமா, முதலில் அவளிடமா?

விடிந்ததும் வந்துவிடுவாள். வந்து, இல்லாத பிழையைத் திருத்தத் தொடங்குவாள்.