பேத்திக்குப் பெயர் வைக்காத கூட்டணி

கேளம்பாக்கம்
20.5.1996

தோழமைக் கட்சியின் முட்டுக்காடு கிளைச் செயலாளர், என் பாசத்துக்குரிய அண்ணன் ஏசுபாதம் அவர்களுக்கு, கேளம்பாக்கம் கிளைச் செயலாளர் சின்னராசு வெற்றி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் வீட்டாரின் நலமறிய ஆவல்.

தொகுதியை மீட்டுவிட்டோம், அண்ணே! செங்கல்பட்டில் ஓட்டு எண்ணும் இடத்துக்கு வெளியே நின்றபோது, ஒவ்வொரு சுற்று அறிவிப்புக்கும் நீங்கள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. இதே தொகுதியில் தொண்ணூற்றொன்றில் நாம் எதிரும் புதிருமாக இருந்தோம். கோவளம் ரோட்டில் நான் சுண்ணாம்பு அடித்துப் பிடித்து வைத்திருந்த சுவரில் நீங்கள் உங்கள் சின்னத்தை வரைந்ததையும், நான் அதன்மேல் சாணி கரைத்து ஊற்றியதையும் மறந்துவிட்டேன். நீங்களும் மறந்துவிட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசாரத்துக்கு வந்த உங்கள் மகன் ஜோயலும் என் மகள் கல்யாணியும், தேர்தல் முடிந்த பிறகும் பிரசாரத்தை நிறுத்தவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கிறிஸ்துவர், நாங்கள் இந்து என்று என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. “கூட்டணிதானே, தாராளமாகக் கொடுக்கலாம்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எதுவும் எழுத்தில் இருந்தால்தான் உடன்பாடு. ஆகவே எழுதுகிறேன். மண்டபமும் காலை டிபனும் உங்களுக்கு. மேளமும் மத்தியானச் சாப்பாடும் எனக்கு. போதகர் ஐயா ஜெபம் செய்வார், அதன்பின் தாலி. முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பிறகு பேசலாம். இழுபறியான தொகுதியைக் கடைசியில் பேசுவதுதானே வழக்கம்.

இப்படிக்கு,
வருங்காலச் சம்பந்தி
சின்னராசு

*

கேளம்பாக்கம்
20.4.2001

எதிரணியைச் சேர்ந்த திரு. ஏசுபாதம் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று என் மனைவி காசியம்மாள் கேட்கச் சொன்னாள். அதனால் கேட்கிறேன்.

உங்கள் கட்சி அணி மாறியது உங்கள் தலைமை எடுத்த முடிவு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நம் பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பார்க்க வந்த நீங்கள் கட்சித் துண்டோடு வந்ததுமல்லாமல், அந்தத் துண்டிலேயே குழந்தையை ஏந்தினீர்கள். போகும்போது, உங்கள் தலைவர் கோவளத்துக்கு வரும்போது அவர் கையால் பெயர் வைக்கப் போவதாக வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தலைப்பிரசவம் பார்த்தது என் வீடு. வரும் சனிக்கிழமை எங்கள் தலைவர் கேளம்பாக்கம் கூட்டுரோட்டுக்கு வருகிறார். வேனருகே குழந்தையைத் தூக்கிக் காட்டி, அவர் வாயால் பெயர் வாங்கப் போகிறேன். ஒன்றியச் செயலாளரிடம் சொல்லியாகிவிட்டது.

இதைக் கேட்டு காசியம்மாள் என்னை ஏசினாள். “கட்சி வுட்டு கட்சி தாவறது உங்க தலைவருங்க. கொயந்த இன்னாய்யா பண்ணுச்சி? ஒரு மாசமா பேரு இல்லாம கீது” என்றாள். அவளுக்கு அரசியல் தெரியாது.

இப்படிக்கு,
சின்னராசு
(கிளைச் செயலாளர்)

*

கேளம்பாக்கம்
3.5.2004

என் ஆருயிர் அண்ணன், அன்புச் சம்பந்தி ஏசுபாதம் அவர்களின் திருக்கரங்களுக்கு,

நலம், நலம், நலமே சூழ்க! மூன்று வருஷம் நாம் பேசாமல் இருந்தோம் என்பதை நம்பவே முடியவில்லை. மேலிடத்தில் கைகுலுக்கினார்கள் என்று டிவியில் பார்த்தவுடன் நான் முதலில் நினைத்தது உங்களைத்தான்.

போன சட்டசபைத் தேர்தலில் தொகுதி உங்கள் பக்கம் போனது. அது இருக்கட்டும். பெயர் விஷயத்தில் நாம் இருவருமே டெபாசிட் இழந்தோம். எங்கள் தலைவர் வேனில் வந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வெடிச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுததுதான் மிச்சம். உங்கள் தலைவரின் கார் கோவளத்தில் நிற்காமலே போனதாகக் கேள்விப்பட்டேன். அப்போது சந்தோஷப்பட்டேன், மன்னித்துவிடுங்கள்.

நேற்று செங்கல்பட்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு தலைவர்களும் ஒரே மேடையில் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே! ஆளுக்கொரு கை பிடித்து நாம் அவளை மேலே ஏற்றியது வரை எல்லாம் சரி. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெயர் இருக்காது என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்? “உன் பேர் என்னம்மா?” என்று உங்கள் தலைவர் கேட்டார். இவள் “பாப்பா” என்றாள். “நல்ல பெயர்” என்று எங்கள் தலைவர் கன்னத்தைத் தட்டி, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து இறக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது.

கல்யாணி கோபத்தில் இருக்கிறாள். ஜோயலுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, அவர்கள் புதுப்பட்டினம் போன பிறகு அவள் குரலே மாறிவிட்டது. “ரெண்டு பேரும் வக்கிறீங்களா, இல்ல நாங்களே வச்சிக்கட்டா?” என்று கேட்டாள். வெற்றி விழா வரட்டும், கட்டாயம் வைத்துவிடலாம் என்று நம் இருவர் சார்பிலும் வாக்குறுதி கொடுத்திருக்கிறேன்.

என்றும் பிரியாத,
சின்னராசு

*

கேளம்பாக்கம்
18.6.2006

சம்பந்தி ஏசுபாதம் அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கட்சிக் கணக்கில் நீங்கள் மறுபடியும் எதிரணி. இந்தத் தடவையும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். நன்றாக இருங்கள். நான் எழுதுவது அதற்காக அல்ல.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் வெற்றி விழா வாக்குறுதியை நம்பிக் காத்திருந்து அலுத்து, ஜோயலும் கல்யாணியும் தாங்களே ஒரு பெயர் வைத்து, போதகர் ஐயாவை அழைத்து ஜெபமும் செய்துவிட்டார்கள். என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் சொல்லவில்லை என்று அறிந்தேன். காசியம்மாளுக்குத் தெரியும். உங்கள் வீட்டம்மா ஜெபாவுக்கும் தெரியும். இந்த இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரு தேர்தலிலும் கூட்டணியை முறிக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கேட்டால், “ரகசிய ஓட்டு, சொல்லக் கூடாது” என்று காசியம்மாள் சிரிக்கிறாள்.

புதுப்பட்டினம் போனேன். கல்யாணி காபி கொடுத்தாள், பெயரைச் சொல்லவில்லை. பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் கொடுத்துக் கேட்டேன். முழுவதையும் தின்றுவிட்டு, “ரெண்டு தாத்தாவும் ஒண்ணா வந்தா சொல்லலாம்னு அம்மா சொல்லிச்சி. கட்சி வேட்டி கட்டிகினு வந்தா சொல்லக் கூடாதாம்” என்றாள். நம் தொகுதி வாக்காளர் எல்லோரும் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார். ஏதோ ஒரு பெயருக்கு நம் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். எனக்குக் கேட்கவில்லை. அவளைக் கூட்டத்துக்குக் கூட்டம் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான், அண்ணே. ரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

வரும் ஞாயிறு உங்கள் ஆராதனை முடிந்ததும், புதுப்பட்டினம் போகக் கோவளம் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். கட்சிக் கரை இல்லாத வேட்டி இரண்டு எடுத்திருக்கிறேன், ஒன்று உங்களுக்கு. உங்கள் கட்சிக்குத் தெரிந்தால் என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். கூட்டணி எதுவும் வேண்டாம். திரும்பி வரும்போது வழியெல்லாம் சண்டை போட்டுக்கொள்ளலாம். போகும்போது மட்டும் என் பக்கத்தில் உட்காருங்கள்.

நீங்கள் வராமல் என் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வழியில்லை. முழங்கால் வலித்தாலும் வந்துவிடுங்கள், அண்ணே.

இப்படிக்கு,
பாப்பாவின் இன்னொரு தாத்தா
சின்னராசு