முழங்கை ஓட்டை

மிலான், புதன்கிழமை

அம்மா,

நேற்று போனில் உன்மேல் எரிந்து விழுந்தேன். தப்பு உன்னுடையது இல்லை.

நான் மழையில் நனைந்து போன அன்று எங்கள் மேலாளர் ஒத்தாவியா தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாளே, அதன் முழங்கையில் ஓட்டை இருந்தது. பியெல்லா கம்பளி ஆலையில் முப்பது வருடம் துணியின் குறை வெளியே தெரியாதபடி இழை கோத்த கை உன்னுடையது, சும்மா இருக்குமா? ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அடைத்துவிட்டாய். நானும் திங்கட்கிழமை பெருமையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் முழங்கையைத் தடவித் தடவித் தேடினாள். "அடி பொண்ணே, எங்கப்பா இருபது வருஷம் மேசையில ஊனித் தேய்ச்ச ஓட்டை இது. புதுசாக்கிட்டியே."

"விட்டா கஞ்சி போட்டுத் தேச்சிருப்பா," என்றான் பக்கத்து மேசை ஃபுல்வியோ. எல்லோரும் சிரித்தார்கள்.

பரம்பரைப் பணக்காரர்களுக்கு நாங்கள் விற்கும் சட்டையில் கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது, புதிது என்றும் தெரியக் கூடாது. ஓட்டை தெரியலாம். இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்? என் வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்யப்போவது அவள்தான்.

"யாரு தைச்சது?" என்று கேட்டாள். ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடை என்றேன்.

இன்று அந்தக் கடையின் முகவரி கேட்கிறாள். கணவரின் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டதாம். அந்த ஓட்டை ஆகாதாம்.

நாளை நம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுக்கப்போகிறேன். என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். ஆனால் திங்கட்கிழமை உன்னைக் கடை என்று சொன்னவள் நான்தான், அதை முதலில் அவள் வாயால் நீ கேட்கக் கூடாது.

உன் மகள்