அப்பள மாலை

சிடோவார்ஜோ, 4 மார்ச் 1991

அன்புள்ள வாகினி அக்காவுக்கு,

சனிக்கிழமை நம் அப்பள ஆலை விருந்தில் இருந்தவர்கள்: முதலாளியம்மா சுலஸ்த்ரி, மேஸ்திரி டார்மோ, பொனிரா, அவள் மருமகள் லஸ்மி, வழக்கம்போல முன்வரிசையில் ருமியாத்தி, அப்புறம் நான். நீ இல்லை.

நாலு அப்பளம் உடைந்ததற்கு அதையே கோத்து உன் கழுத்தில் மாலையாகப் போட்டு நிற்க வைத்தானே டார்மோ, அந்த அவமானத்தில் நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்கு வேலையில் மனசே இல்லை. பேச்சில்லை, பாட்டில்லை. ஒரு நாள் டார்மோ மாவில் உப்புப் போட மறந்தான். எல்லோரும் ருசி பார்த்தோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. லாரி லாரியாக உப்பில்லாத இறால் அப்பளம் சந்தைக்குப் போனது. முதலாளியம்மா வந்து என்ன குறை என்று கேட்டார்; ஒன்றுமில்லை என்று சிரித்துத் தலையாட்டினோம்.

எங்களைச் சமாதானப்படுத்தத்தான் இந்த விருந்து. நீ இல்லாததால் மஞ்சள் சோற்றுக் கூம்பை வெட்டும் மூத்தவள் நான். கூம்பின் நுனி பெரிய மனுஷனுக்குத்தானே என்று டார்மோ தட்டோடு வந்து நின்றான். அவனைச் சுற்றிப் போய், நீ உட்காரும் பலகை காலியாகக் கிடந்ததே, அதில் வைத்தேன்.

"அங்க யாருமே இல்லையேம்மா?" என்றார் முதலாளியம்மா.

"இருந்தாங்கம்மா. மாலை போட்டு அனுப்பிட்டோம்," என்றேன்.

மாலைக் கதையைப் பொனிரா தொடங்கினாள், அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். மேஸ்திரி வேலை பறிபோய் டார்மோ இப்போது லாரியில் மூட்டை ஏற்றுகிறான். உன் நுனியை இலையில் கட்டி பஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வந்துவிடு.

சுமிரா

மலாங், 11 மார்ச்

சுமிராவுக்கு,

உன் கடிதத்தைப் பேத்தி வாசித்தாள், சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். சோறு ஊசிப்போய் வந்தது, ஆனாலும் ஒரு வாய் தின்றேன். வரத்தான் ஆசை. ஆனால் மாலை விழுந்தபோது ஒருத்தி சிரித்தாள். நான் தலை நிமிரவில்லை. யாரென்று தெரியாமல் யார் பக்கத்தில் போய் உட்காருவேன்?

வாகினி

சிடோவார்ஜோ, 20 ஏப்ரல்

அக்கா,

பெருநாளுக்கு டார்மோ வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டான். உன்னிடமும் வருவானாம். பண்டிகை நாள், வேறு வழியில்லை, மன்னித்துவிட்டேன். தேங்காய்ப்பால் கோழிக் குழம்பு போட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கித் தின்றான்.

திங்கட்கிழமை வா. பலகையைக் கழுவி வைத்திருக்கிறோம். பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது, உன் குரல் இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. பொனிராவுக்கும் எனக்கும் நடுவில் உட்காரு.

அன்று சிரித்தாளே, அவளும் பெருநாளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினாள். நான் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். மாலை விழுந்த அன்றைக்கு அவள் பல்லைக்கூடப் பார்த்தேன் அக்கா. டார்மோவை விட்டுவிட்டேன், இவளை விடமாட்டேன். சிரித்தவள் ருமியாத்தி.

சுமிரா