நாற்பத்தெட்டு வெள்ளைக் கோடுகள்

அக்டோபர் 11, புதன்

பாலத்தின் தெற்குப் பக்கம் முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சோலார் பேனல்கள், தண்டவாளத்தை ஒட்டிய கைப்பிடிச் சுவர் நெடுக. திட்டத் தலைவி லிசெலோட் கேக் வாங்கி வந்தார். இருபத்து நாலாம் தேதி மின்சாரம் ஓடவிடுகிறார்களாம்.

என்னோடு ஜோடியாக வேலை செய்யும் டோர்கில் என் முதுகில் தட்டி, "என்ன இங்கர், எழவு வீட்டுல கேக் தின்ற மாதிரி மூஞ்சி?" என்றான். சிரித்து மழுப்பினேன்.

அக்டோபர் 12, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 28. நாலாம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவில் நிற்கிறோம். டோர்கில் பேனல்களின் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டே போவான். நான் பின்னால் அளவு ஸ்பேனரோடு போய் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். 'டிக்' என்று கேட்டால்தான் இறுக்கம் சரி. கேட்டதும் போல்ட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. அன்று தங்கை ஊல்லாவிடமிருந்து போன் — அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பு. டோர்கில் அடுத்த பெட்டி போல்ட் எடுக்கப் போயிருந்தான். நாற்பத்தெட்டு போல்ட். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. கோடு மட்டும் இழுத்துக்கொண்டு போனேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வருவதற்குள் தொங்கு மேடையை ஆறாம் தூணுக்கு நகர்த்திவிட்டார்கள். அதன்பிறகு யாரிடம், எப்படிச் சொல்வது?

அக்டோபர் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை புயலாம். தெற்கிலிருந்து காற்று. பாலத்தின் மேல் நேராக அறையும்.

அக்டோபர் 16, திங்கள்

டோர்கிலிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "நாலாம் தூண் பக்கம் எல்லாம் நல்லா முடுக்கியிருந்தல்ல?"

"அதான் நீ பாத்தியே?"

"பாத்தேன்."

பொய். தொழிற்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனிடம்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஒரு பேனல் இருபத்திரண்டு கிலோ, கழன்றால் தண்டவாளத்தில்தான் விழும். இலையுதிர் கால விடுமுறை வாரம். எல்லா ரயிலிலும் பிள்ளைகள்.

அக்டோபர் 18, புதன்

சொல்லிவிட்டேன். காலை ஏழரைக்கு, லிசெலோட் மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே.

"எத்தனை?"

"நாற்பத்தெட்டு."

"இருபது நாளா வாயத் திறக்கலையா நீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ரயில்வேக்குப் போன் போட்டார். நாளை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை பாலம் மூடல். விடுமுறைக்குப் போகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அக்கரை கொண்டுபோக வேண்டும். போனை வைத்துவிட்டு, "டோர்கிலுக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடக்கூட இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 19, வியாழன்

மேடையில் நானும் அவனும், சாட்சிக்கு லிசெலோட்டும். காற்று இப்போதே ஆளைத் தள்ளுகிறது. அளவு ஸ்பேனர் டோர்கில் கையில், என்னிடம் தரவில்லை. முதல் போல்ட், டிக். இரண்டாவது, டிக். மூன்றாவதும். ஒன்றாவது லூஸாக இருக்கட்டும் என்றா வேண்டினேன்? ஆமாம். வேண்டினேன். அப்போதுதானே நான் சொன்னதற்கு ஒரு அர்த்தம்.

நாற்பத்தெட்டும் டிக்.

கீழே இறங்கியதும் கத்தினான். "ஒனக்கு என் மேல நம்பிக்கை இல்லன்னா அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல! ஊரையே நிறுத்தி என்னைப் பரீட்சை வெச்சியா?"

"ஒன்னை இல்லடா. நான் பாக்கல, அவ்ளோதான். நான் பாக்கல."

"அப்ப பாத்தேன்னு ஏன் சொன்ன?"



அக்டோபர் 20, வெள்ளி

புயல். மத்தியானத்திலிருந்து துறைமுகத் தெருவில் தண்ணீர். பாலத்தில் ஒரு பேனல்கூட அசையவில்லை என்று லிசெலோட் குறுஞ்செய்தி அனுப்பினார். ஒரே வரி.

அக்டோபர் 24, செவ்வாய்

மின்சாரம் ஓடவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கடிதம் வந்திருக்கிறது: ஓராண்டுக்குச் சோதனைத் தாளில் நான் கையெழுத்திடக் கூடாது. வேலை இருக்கிறது, என்னிடமிருந்த குழுத் தலைவர் பொறுப்பு இனி டோர்கிலுக்கு.

நவம்பர் 8, புதன்

புதுப் பையன்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். பரவாயில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது இதுதான், இவ்வளவுதான்.

மார்ச் 12, செவ்வாய்

சந்திப்பு நிலையத்தின் கூரையில் வேலை. நடைமேடைக்கு நேர் மேலே. நான் முடுக்குகிறேன், டோர்கில் பின்னால் வந்து பார்க்கிறான். ஐந்து மாதமாக வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான். அவன் சாப்பாடும் தனியாக, வேனில் உட்கார்ந்து.

பதினோராவது போல்ட்டில் நின்றான். திரும்பவும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தான்.

"இங்கர். அரைச் சுத்து பாக்கி."

போய் முடுக்கினேன். அவன் மறுபடி வைத்தான். டிக். கோடு இழுத்தான்.

"நாலு மணி நேரம் ரயிலை நிறுத்தச் சொல்லணும்னா எனக்கு வாய் வந்திருக்காது," என்றான், போல்ட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு அடுத்ததற்குப் போனான்.

மத்தியானம் அவன் வேனுக்குப் போகவில்லை. கூரை ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான்.