மூன்றாவது வரியில் ஆளில்லை

ஜூன் 7, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. பாடி அல்ல, கத்தி. நூலக மாடியில் ‘ஞாயிறுதோறும் எல்லோரும் பாடலாம்’ என்று அட்டை எழுதி ஒட்டியது நான்தான். எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்?

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுப்பதே மேல். பிள்ளைகளை அதட்டவாவது முடியும். மருந்துக்கடைக்காரர் பாட்டு தொடங்கும் முன்பே தொடங்கிவிடுகிறார். முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு வருகிறார். தையல்கார அம்மா பாட்டின் மூன்றாவது வரியில் மேலே ஏற முடியாமல் கீச்சிட்டு, தானே சிரித்து, வரிசை முழுவதையும் சிரிக்க வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல் என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்றதிலிருந்து வாசல் தாண்டாத மனிதர், “நானும் வரேனே” என்று வந்து கடைசி வரிசையில் நிற்கிறார். மூன்றாவது வரியில் எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த மாதம் நூலக ஆண்டுவிழா. இதே கூட்டம் மேடையில். கடவுளே.

ஜூன் 9, செவ்வாய்

எங்களோடு பாடும் வங்கி அம்மா போன் செய்தார். முறையாகக் கற்றவர், நல்ல குரல். அந்தக் குரலைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம்.

“டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்களோட மேடையில நின்னா என் மானம் போயிடும். ஒண்ணு அவங்க அடங்கணும், இல்ல நான் வரல.”

தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவரும் போய்விட்டால் பாட்டில் என்ன மிஞ்சும்?

ஜூன் 14, ஞாயிறு

வழி கிடைத்தது. மருந்துக்கடைக்காரரைத் தனியாக அழைத்து, “அந்த மூணாவது வரிக்கு மட்டும் சும்மா வாயை அசைங்க சார், சத்தம் வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும்” என்றேன். முகம் சுருங்கியது, தலையாட்டினார். தையல்கார அம்மாவிடமும் அப்படியே. பிறகு பிசகுவார்கள் என்று நான் சந்தேகப்பட்ட ஒவ்வொருவரிடமும். வீட்டுக்கு வந்து இவரிடமும்.

“சரிம்மா” என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

கெட்டிக்காரி நான்.

ஜூன் 21, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. வங்கி அம்மாவுக்கு ஜலதோஷம், வரவில்லை. நான் ஆர்மோனியம் வாசிக்க, முதல் இரண்டு வரியும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வரியில் — ஆர்மோனியம் மட்டும்! அறை முழுக்க வாய்கள் திறந்து திறந்து மூடுகின்றன, மீன்தொட்டி மாதிரி. நான்காவது வரியில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

“உங்களையுமா?” என்றார் தையல்கார அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். “அப்போ யாரைத்தான் டீச்சர் பாடச் சொன்னீங்க?”

ஒருவர் சிரித்தார், பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 28, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் கிளம்புங்கள் என்றேன். “வாயை அசைக்கத்தானே? அதை இங்கேயே உக்காந்து அசைச்சுக்கறேன். பஸ் ஏறுற வேலை மிச்சம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுருக்கென்றது.

மாடியில் பாதி நாற்காலி காலி. “இப்போ எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க” என்றார் வங்கி அம்மா. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

வீட்டில் மனிதர் பழையபடி நாற்காலியில். மறுபடியும் வாசல் தாண்ட மாட்டாரோ? என்னாலேயேவா?

ஜூலை 1, புதன்

நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பாழாய்ப்போன மூன்றாவது வரி — முணுமுணுப்பாக, எங்கேயோ கீழே, அவர் பேசுகிற குரலில். ஒரு இடம்கூட விலகவில்லை!

துணியை அப்படியே போட்டுவிட்டு ஆர்மோனியத்தில் அவர் சுருதியைத் தேடிப் பிடித்தேன். நான் பாட்டை ஐந்து கட்டைச் சுருதியில் வைத்திருந்தேன், உச்சாணிக் கொம்பில். யாருக்காக? எனக்காக. என் குரல் அங்கேதான் எடுபடும். வங்கி அம்மாவுக்கும் அது வசதி. மற்றவர்களெல்லாம் ஏணி இல்லாமல் பரணில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் போய்க் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்து என்னத்தைக் கிழிச்சேன்?

ஆர்மோனியம் கேட்டதும் அவர் நிறுத்திவிட்டார்.

“நிறுத்தாதீங்க.”

“ஏன், அசைச்சா போதாதா?”

அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஈரக்கையோடு நின்றார். பாடவில்லை. “ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்றார்.

ஜூலை 5, ஞாயிறு

வாயசைக்கச் சொன்ன ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருந்தேன். “வரேன் டீச்சர். ஆனா இந்தத் தடவை சத்தமா பாடுவேன்” என்றார் மருந்துக்கடைக்காரர். வாக்குறுதியா மிரட்டலா?

பாட்டை இரண்டு கட்டைக்கு இறக்கினேன். மூன்றாவது வரியில் ஆள் இருந்தது. கீச்சு இல்லை. என் வீட்டுக்காரர் வந்தார், நின்றார். வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

வங்கி அம்மாவுக்குக் கோபம். “கிணத்துக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு. எனக்குக் கீழே குரலே வரல.”

“அந்த வரிக்கு மட்டும் நீங்க —” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். “உங்களுக்கு மட்டும் மேல் ஸ்தாயில தனியா ஒரு வரி போட்டுத் தரேன்.”

யோசித்துச் சொல்கிறாராம்.

ஜூலை 12, ஞாயிறு

விழா முடிந்தது. மருந்துக்கடைக்காரர் முன்கூட்டியே தொடங்கினார், கடைசியில் தனியாகப் போய்விட்டும் வந்தார். வங்கி அம்மா கடைசி நிமிஷத்தில் வந்து மேலே பாடினார், அழகாக இருந்தது. நானும் பாடினேன். அந்தச் சுருதியில் என் குரல் எடுபடவே இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் அந்த மூன்றாவது வரியைப் பாடிக்கொண்டே வந்தார். நன்றாகவே, சத்தமாக. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மெதுவாகப் பாடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.