ஓபர்ன் வழக்கறிஞரும் அம்மா கேட்ட கேள்வியும்

ஸ்காபுரோ,
15.06.1996

அன்பு மகள் நிலாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், நீயும் வன்கூவர் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று றிச்மண்ட் ஹில் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். என் முழங்கால் நோ முன்னையை விடப் பரவாயில்லை. கார்த் தரிப்பிடத்தில் எனக்கு இப்போது காலை வேலை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வருகிற போகிற கார்களைப் பார்ப்பதுதான். ஊரில் தபாலதிபராக இருந்தவனுக்கு யன்னலுக்குப் பின்னால் இருப்பது புதிதில்லை. நீ அந்த வழக்கை எடுத்த நாளிலிருந்து அம்மா உன்னோடு பேசுவதில்லை, டெலிபோன் வந்தால் கையிலே மா என்று சொல்லி என்னிடம் தந்துவிடுகிறார். எந்த நேரமும் ஒரு மனுசியின் கையில் மா இருக்குமோ என்று போன மாதம் நீ கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், ஆனால் வைத்தபிறகு அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் பக்கத்தையும் நீ பார்க்கவேண்டும். கேக் தொழிற்சாலையில் அம்மாவும் அமிர்தநாதரின் மனைவி அன்ரனெற்றும் ஒரே மேசை, வாய் மூடாமல் கதைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். கார்த்திகையில் அமிர்தநாதரின் தம்பி அங்கே வன்கூவரில் கத்திக்குத்தில் இறந்தார் என்று செய்தி வந்தபோது, அந்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அம்மாதான் சமைத்துக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனார். அகதியாக வந்த ஒரு பெடியனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தவரை அந்தப் பெடியனே குத்திவிட்டான், அவனுக்காக வாதாடப்போவது எங்கள் பிள்ளை என்று தையில் தெரியவந்ததும் அம்மாவுக்கு அந்த வீட்டுப் படியேறக் கால் வரவில்லை. தொழிற்சாலையில் மேசையையும் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். சித்திரையில் ஒரு நாள் அமிர்தநாதர் என் கண்ணாடிப் பெட்டியடிக்கே வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போஸ்மாஸ்டர், உங்கட பிள்ளைக்கு ஒரு கடிதம் போடுங்கோ, உந்த வழக்கை விடச் சொல்லுங்கோ, வேற ஆரும் பேசட்டும் என்றார். எழுதிறன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதம்தான் இது. கோபப்பட்டு மடித்து வைக்காமல் கடைசிவரை வாசி.

இடையில் ஒரு புதினம் நடந்துவிட்டது. வைகாசிக் கடைசியில் நியூ ஜேர்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனோம், உன் மாமாவின் மகன் ஜனார்த்தன்தான் காரோட்டினான். பெரிய வீதியால் போனால் எல்லோரையும் போல் போய்ச் சேர்ந்துவிடுவோமே, அது அவனுக்குச் சரிவராது, குறுக்கு வழி தெரியும் என்று இறக்கினான். நியூயோர்க் மாநிலத்தில் ஓபர்ன் என்ற சின்ன நகரத்தில் கார் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கராஜ்காரன் பின்னேரம் வரும்படி சொல்லிவிட்டான், மழை வேறு. பக்கத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பழைய வீடு, பார்வையாளர் வரலாம் என்று பலகை. அம்மாவுக்கு அவசரமாகக் கழிவறை தேவைப்பட்டது, உள்ளதைச் சொல்கிறேன், சரித்திரம் படிக்க நாங்கள் அங்கே போகவில்லை. வாசலில் மூன்று பேரும் பழக்கத்தில் சப்பாத்தையும் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற கிளடிஸ் என்ற வயதான வெள்ளைக்கார அம்மா எங்கள் கால்களைப் பார்த்துத் திகைத்து, இது நூதனசாலை, சப்பாத்தோடு வரலாம் என்றார். இன்னொருவரின் வீடல்லவா என்று நான் சொன்னேன். அந்த மனுசிக்கு அது பிடித்துவிட்டது, எங்கள் மூவருக்காக மட்டும் ஒவ்வோர் அறையாகத் திறந்து, அவசரப்படாமல் கதை சொன்னார். சப்பாத்துகள் வெளியே மழையில் ஊறிக்கொண்டிருந்தன, அது வேறு கதை.

அந்த வீட்டுக்காரர் வில்லியம் சூவர்ட். 1801இல் பிறந்தவர். தகப்பன் அடிமைகள் வைத்திருந்தவர், பிள்ளையோ குசினி அடுப்படியில் அந்த அடிமைச் சனத்தோடு இருந்து கதை கேட்டு வளர்ந்திருக்கிறார். சட்டம் படித்து ஓபர்னுக்கு வந்து ஒரு நீதவானின் மகள் பிரான்சஸைக் கட்டினார். மகளைத் தருவதென்றால் என் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று மாமனார் நிபந்தனை போட்டாராம், ஆகவே வீட்டோடு மாப்பிள்ளை. இதைக் கேட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதத் தேவையில்லை. நியூயோர்க் மாநில ஆளுநராக இருந்தார், பிறகு பன்னிரண்டு வருடம் செனற்றர். செனற் சபையில் எழும்பி, அரசியலமைப்புக்கும் மேலே ஒரு நீதி இருக்கிறது என்று அடிமை முறைக்கு எதிராகப் பேசினவர், சொந்தக் கட்சியிலேயே பலர் முகம் சுளித்தார்கள். தப்பியோடி வருகிறவனைப் பிடித்துக் கொடு என்று சட்டம் சொன்ன காலத்தில், இவரும் மனைவியும் அப்படி வந்தவர்களைக் கீழ்க் குசினியில் ஒளித்து வைத்துச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்று ஜனார்த்தன் கேட்டான். கனடாவுக்குத்தான், உங்கட பக்கம்தான் என்று கிளடிஸ் சொன்னார். ஜனாதிபதி வேட்பாளராகத் தன்னைத்தான் தெரிவு செய்வார்கள் என்று இருந்தவர், லிங்கனிடம் தோற்றார். தோற்றபிறகு முறுக்கிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அந்த லிங்கனின் கீழேயே வெளிநாட்டு விவகார மந்திரியாக வேலை செய்தார். லிங்கனைச் சுட்ட அன்றைக்கே இவரையும் படுக்கையில் வைத்து ஒருவன் கத்தியால் குத்தினான், பிழைத்து எழும்பி, அந்தக் கன்னத்துத் தழும்போடு ரஷ்யாவிடம் அலாஸ்காவை வாங்கினார். வெறும் பனிக்கட்டியை வாங்கிவிட்டான் என்று பத்திரிகைகள் நக்கலடித்தன. என்ன மனிதன் என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது.

ஆனால் மகள், என்னைப் பிடித்து நிறுத்தினது இதெல்லாம் இல்லை. 1846இல், அவர் செனற்றராகுமுன், அந்த ஊருக்குப் பக்கத்தில் வான் நெஸ்ட் என்ற குடும்பத்தில் ஒரு சிறு பிள்ளையோடு நான்கு பேரை ஓர் இளைஞன் குத்திக் கொன்றுவிட்டான். வில்லியம் பிறீமன் என்று பெயர், கறுப்பன். அதற்கு முன்னர், தான் செய்யாத குதிரைக் களவுக்குத் தன்னை ஐந்து வருடம் மறியலில் அடைத்து வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். மறியலில் தலையில் அடிபட்டுக் காதும் போய், வெளியே வந்தபோது புத்தியும் சரியில்லை. ஊரே அவனைத் தூக்கில் போடத் துடித்தது. இவனுக்காகப் பேசப்போவது யார் என்று நீதவான் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை, சூவர்ட் எழும்பினார். ஆளுநராக இருந்தவர், இன்னும் மேலே போக ஆசை உள்ளவர், காதலித்துக் கட்டின மனைவியும் பிள்ளைகளும் அந்த ஊரிலேயே இருக்க எழும்பினார். இவனுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது, தான் செய்தது இன்னதென்று தெரியாதவனைக் கொல்வது நீதியில்லை என்று மன்றாடினார். தோற்றும் போனார். மேல் நீதிமன்றம் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லியும், அதற்குள் அந்தப் பெடியன் மறியலிலேயே இறந்துவிட்டான். நீ தையில் எனக்கு என்ன சொன்னாய்? அப்பா, அவனுக்குத் தான் எந்த ஊரில் நிற்கிறான் என்பதே தெரியாது என்றாய். நான் அதற்குச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அந்த வீட்டு விறாந்தையில் காலுறையோடு நிற்கும்போது நீ சொன்னது அப்படியே திரும்பிக் காதில் கேட்டது. தபால் கந்தோரில் கடிதம் வந்தால், பெறுகிறவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்து நான் கொடுத்ததில்லை, கொடுக்காமல் விட்டால் பிறகு அது தபால் கந்தோரும் இல்லை. உன் வேலையும் அப்படித்தானே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, அதை இங்கே எழுதிவிடுகிறேன், டெலிபோனில் எனக்கு அது வராது.

அப்போது அம்மா திடீரென்று ஜனார்த்தனைப் பார்த்து, தம்பி, இவவிட்டைக் கேள், அந்தச் செத்த வீட்டுச் சனத்துக்கு இவை என்ன செய்தவை, போய்ப் பார்த்தவையோ, ஏதும் சமைச்சுக் குடுத்தவையோ என்று கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டுதான் மொழிபெயர்த்தான். கிளடிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரியாது, இந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களில் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை என்றார். அம்மா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கலியாணம் முடிந்து திரும்பி வருகிற வழியில், எல்லை தாண்டினபிறகு அம்மா, நிலாணி அந்தப் பெடியனுக்குப் பேசட்டும், ஆனா நான் அன்ரனெற்றிட்டைப் போகாமல் இருந்தது பிழை, ரெண்டு பக்கத்துக்கும் எங்கட வீட்டில ஆள் இருக்குத்தானே என்றார். பார், எத்தனை மாதமாக நான் மண்டையைப் போட்டு உடைத்தது. அம்மா அதைக் காருக்குள் இருந்தபடி ஒரு வசனத்தில் தீர்த்துவிட்டார்.

போன சனிக்கிழமை புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வைத்து, சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு ரெயிலில் பிக்கரிங்குக்குப் போனோம். பெட்டி முழுக்கக் குழம்பு மணந்தது, எனக்கு முன்னால் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார், நல்லதாயிற்று, நான் காலை நீட்டிக்கொண்டேன். கதவைத் திறந்த அன்ரனெற் சட்டியை வாங்கிக்கொண்டார், பிறகு அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதார். அமிர்தநாதர் என்னைப் பார்த்து, எழுதினனீங்களோ என்று கேட்டார். இனித்தான் எழுதப்போறன், ஆனா விடச் சொல்லி எழுத எனக்கு மனம் வரேல்லை, அதை உங்கட முகத்துக்கு நேரே சொல்லத்தான் வந்தனான் என்றேன். எழும்பிப் போகச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பித் தம்பியின் படத்தை நேராக்கி வைத்தார். படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னார், நான் அங்க வன்கூவர் கோட்டுக்கு ஆரம்ப விசாரணைக்குப் போனனான் போஸ்மாஸ்டர், ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தன். எல்லாரும் இறந்தவர் இறந்தவர் எண்டுதான் சொல்லிச்சினம், அவன்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட பிள்ளை அந்தப் பெடியனைக் காப்பாற்றப் பேசட்டும், நான் தடுக்கேல்லை. ஆனா என்ர தம்பிக்கு ஒரு பேர் இருந்தது, சோறு போட்ட மனிசன், அதைச் சபையில ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அவருக்கு நான் கொடுத்த முதல் வாக்கை நிறைவேற்றவில்லை, இந்த இரண்டாவதை எனக்காக நீ நிறைவேற்று.

நேற்று அன்ரனெற் தொழிற்சாலையில் சட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், வெறும் சட்டியாக இல்லை, தன் வீட்டுக்குள் வளர்க்கிற கறிவேப்பிலைக் கன்றிலிருந்து ஒரு கொத்து உள்ளே வைத்து. அதன் விலை இங்கே உனக்குத் தெரியும். அம்மா அதை இன்னும் கறிக்குப் போடவில்லை, தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ ஒழுங்காக நித்திரை கொள், கோப்பியைக் குறை, குளிரில் தலையை மூடு. புரட்டாதியில் வழக்குத் தொடங்கும் நாளன்று பிள்ளையாருக்கு ஓர் அர்ச்சனை செய்விக்கிறோம், பிக்கரிங் தேவாலயத்தில் ஒரு பூசையும் கொடுக்கப்படும் என்று அன்ரனெற் சொன்னாராம், அது தம்பிக்கா, உனக்கா, அந்தப் பெடியனுக்கா என்று நான் கேட்கவில்லை. வென்றாலும் தோற்றாலும் நீ என் பிள்ளை, எல்லாத் தெய்வங்களும் உன்னோடு நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் எடு. அன்றைக்குக் கையில் மா இருக்காது என்று அம்மா சொல்லச் சொன்னார்.

மறக்காதே, அவர் பெயர் அருமைநாயகம். வெள்ளைக்கார நீதவானுக்கு வாயில் வராது, நீ நிதானமாகச் சொல்லிக்கொடு.

உன் அன்பு அப்பா,
இராசரத்தினம்