வாசம் கேட்டு வாங்கிய செடி

1965 மே 9, ஞாயிறு

வெயில். தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. வாங்கியது: வெங்காயம், புளி, ரெண்டு செடி.

செம்பூருக்குக் குடிவந்ததில் இருந்து இந்த முன்வாசல் துண்டு மண் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு அப்பால் சாக்கடை. அதற்கும் அப்பால் எருமைத் தபேலா, நம்ம ஊர் மாட்டுத் தொழுவம்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் எருமையின் பின்பக்கம்தான் முதல் தரிசனம். தாராவியில்கூட இந்தக் கொடுப்பினை இல்லை. தூ.

மறைப்புக்குச் செடி வேண்டும், வாசமும் வேண்டும். செடி விற்கிற மாலியிடம் பார்த்தவை:

மருதாணி. முள். வேண்டாம்.
குரோட்டன்ஸ். ஆபீஸ் வாசல் மாதிரி இருக்கும்.
அரளி. எருமை தின்று செத்தால் தபேலாக்காரன் என்னைக் கறந்துவிடுவான்.
மல்லி. நல்லதுதான், ஆளுயரம் மறைக்காது.

கடைசியில் மலையில் இருந்து வந்ததாம் ஒரு செடி. இலை எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வருமாம். பெயர் வைபர்னம். என் வாயில் நுழையவில்லை, பரணி என்று வைத்துக்கொண்டேன்.

தாராவியில் இத்தனை வருஷம் தமிழே போதுமாக இருந்தது. இங்கே வந்துதான் இந்தி. இருந்தாலும் விடவில்லை. "வாஸ் சாஹியே பையா, ஜோர் கா வாஸ்" என்றேன். வாசம் வேண்டும், பலமான வாசம். மாலி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பக்கா, பாயி?" பாயி என்றால் இங்கே அம்மா மாதிரி.

"பக்கா."

சிரித்துக்கொண்டே இந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். என் இந்திக்குச் சிரிக்கிறான் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

குழி அகலமாக, ஆழம் குறைவாக. தபேலாச் சாணி உரம், எருமையால் ஆன ஒரே உபகாரம். இலையில் தண்ணீர் படாமல் வேருக்கு மட்டும் ஊற்றச் சொன்னான்.

இவர் வந்து பார்த்தார். "என்னட்டி இது?"

"உங்களைவிட உசரமா வளருமாம். பொறவு எனக்கு நீங்க வேண்டாம்."

"செடி சம்பளம் கொண்டாந்து தருமா?"

ஜூன் 11, வெள்ளி

முதல் மழை. செடி இரண்டும் நன்றாகப் பிடித்து, முழங்கால் தாண்டிவிட்டன. மண்வாசனை வரும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். வந்தது வேறு. நனைந்த நாய், ஊறப்போட்டு மறந்த துணி, இரண்டும் ஒரே சட்டிக்குள் வெந்த மாதிரி.

சாக்கடையைக் குச்சியால் கிளறினேன். படிக்கல்லுக்கு அடியில் செத்த பெருச்சாளி கிடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வேறு என்னென்னவோ கிடந்தது, எழுத மாட்டேன். ரசம் வைத்தேன், இறங்கவில்லை.

ஜூன் 13, ஞாயிறு

மழை. நாற்றம். இவர்தான். வேறு யார்.

தாராவியில் தோல் ஷெட்டில் வேலை. வாலிப வயசில் இருந்தே அதுதான். பச்சைத் தோல், உப்பு, சுண்ணாம்பு. அங்கே குடியிருந்தபோது ஊரே அந்த மணம், யாருக்கும் தெரியவில்லை. இங்கே தெரிகிறது.

"தோலை அங்ஙனயே விட்டுட்டு வாங்கன்னா, மாட்டையே கூட்டிட்டு வந்துட்டியளா?"

சிரித்தார். சிவப்பு சோப்பைப் போட்டு ரெண்டு தரம் குளித்தார். சட்டையை வேப்பிலை போட்டு வேக வைத்தேன். செருப்பு வெளியே. பரணிக்கு மழையில் புதுத்துளிர், பார்க்க அழகு. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஜூன் 16, புதன்

மேல்மாடி மாமி இறங்கி வந்தார். மாட்டுங்காவில் இருந்து வந்த குடும்பம், வீட்டுக்காரர் ஆபீஸ். கையில் சூடம். மூக்கில் முந்தானை.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்காத்துல ஏதாவது அழுகிப் போயிடுத்தா?"

"இல்ல மாமி, நல்லா கழுவி விட்டிருக்கேன்."

"உங்காத்துக்காரருக்கு எங்கே வேலைன்னேள்?"

"தாராவியில மாமி. தோல் ஷெட்டு."

"அதானே பார்த்தேன்."

சூடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷிதான். அந்த "அதானே" மட்டும் நாள் முழுக்கக் காதில் புழு மாதிரி. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. பாத்திரத்தை எல்லாம் போட்டுத் தேய்த்தேன்.

ஜூன் 19, சனி

இன்று நான் செய்தது. சாயங்காலம் இவர் வந்து குளித்துவிட்டு உட்காரப் போனார். தட்டைக் கொண்டுபோய் வெளியே, தகரத்துக்குக் கீழே, செடிப் பக்கம் வைத்தேன்.

"இங்ஙன காத்தாட இருக்கும். இங்ஙன சாப்பிடுங்க."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாரலில் உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட்டார், கையைக் கழுவிவிட்டார். கத்திரிக்காய்ப் புளிக்கறி, அவருக்குப் பிடித்தது, அப்படியே கிடந்தது.

"தம்பி வீட்டுல தங்கிக்கிடுதேன். ஷெட்டுக்கும் பக்கம்."

"கூட்டிட்டு வந்த மாட்டுக்கும் லீவு குடுத்தாச்சா?" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே. அவர் சிரிக்கவில்லை. மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே போனார்.

ஜூன் 22, செவ்வாய்

விடாத மழை. பாய், தலையணை, கோணி, திரைச்சீலை எல்லாம் துவைத்தாயிற்று. தரைக்கு பினாயில். அவர் துணி ஒன்றுகூட வீட்டில் இல்லை.

ஆள் இல்லை. நாற்றம் இருக்கிறது.

மாடியில் மாமி யாரிடமோ: "ஆளைக் காணோம், ஆனா இன்னும் போகலையே."

உலை வைக்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு.

ஜூன் 24, வியாழன்

மழை கொஞ்சம் ஓய்ந்தது. காற்றில் பரணியின் ஒரு கொம்பு சாய்ந்து கிடந்தது. சணல் வைத்துக் கட்டினேன். கட்டும்போது நாலு இலை கையில் கசங்கியது.

அதே நாற்றம். என் கையில். சாக்கடையோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாலி தலையில் கூடையோடு தெருவில் வந்தான். பிடித்துக்கொண்டேன். அவனுக்கு முகம் கொள்ளாத பெருமை.

"ஆடு தொட்டுச்சா? எருமை தொட்டுச்சா? தொடாது பாயி. தும்னே தோ போலா, வாஸ் சாஹியே." நீதானே கேட்டாய் என்கிறான்.

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. இந்த ஊரில் வாஸ் என்றால் நாற்றமாம். வாசத்துக்கு குஷ்பூ என்று கேட்க வேண்டுமாம். தபேலா மாடு வாய் வைக்காமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, இருப்பதிலேயே கேடுகெட்டதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறான். இலை நனைந்தால்தான் நாறும். கசக்கினால் இன்னும் நாறும்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

"செடியா? நான் என்னமோ..."

"என்ன நெனச்சிய மாமி?"

"ஒண்ணுமில்லே. காபி சாப்பிடறேளா?"

வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். மாமியைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. தட்டை மழையில் வைத்தது மாமியா.

ஞாயிறு அவருக்கு லீவு. போக வேண்டும். எப்படிச் சொல்வது. கேலிக்கு ஓடிவருகிற வாய் இதற்கு வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 27, ஞாயிறு

காலையில் தூறல். போகிறதற்கு முன் இரண்டையும் வேரோடு பிடுங்கினேன். லேசில் வரவில்லை, கட்டிப்பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. இலை முகத்தில், கழுத்தில், ரவிக்கையில். சீ. புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை, மண்ணெண்ணெய், கடைசியில் சாம்பல். எதற்கும் போகவில்லை. சேலை மாற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். முதலில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், பிறகு கைக்குட்டை, பிறகு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. இவர் தினமும் இந்த பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருகிறார்.

கொழுந்தன் வீட்டு வாசலில் இவர் உட்கார்ந்து பீடி. மெலிந்த மாதிரி. தேய்த்துத் தேய்த்து முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"செடிதான் நாறியிருக்கு. நீங்க இல்ல. நான்தான் தப்பா வாங்கிட்டேன்."

கையை நீட்டினேன். பிடித்து மோந்து பார்த்தார். திருப்பி இன்னொரு தரம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலட்டி."

"ஒண்ணுமேயா?"

"மூக்கு செத்து எத்தனையோ வருசமாச்சு. சுண்ணாம்புக் குழியில நின்னா இருக்குமா? நீ சொன்னே, நான் நாறுதேன்னு நெனச்சேன்."

கொழுந்தன் பெண்சாதி டீ கொண்டுவந்து தூரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன குழம்பு வச்சிருக்க?" என்றார்.

"வந்தாத்தான் வைப்பேன்."

சட்டையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், படியில் தொங்கிக்கொண்டு ஆட்கள். எங்கள் சீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் மட்டும் காலி. செம்பூர் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தோம்.